கடலுக்கடியில் வழிகாட்டுபவர் 'புரொபஷனல்' ஆவாரா?

கேள்வி: என் மகன் அந்தமானில் சுற்றுலாப் பயணிகளை ஸ்கூபா முக்குளிப்புக்கு அழைத்துச் செல்லும் டைவ் மாஸ்டராக இருக்கிறான், அடுத்து இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்குத் தயாராகிறான். தன்னை 'புரொபஷனல்' என்று சொல்லிக்கொள்கிறான். டாக்டர், வக்கீலைப்போல இவர்களையும் அப்படிச் சொல்லலாமா?
– வாசகி, காரைக்குடி.

பதில்: உங்கள் மகன் அந்தப் பட்டத்தைத் தாமாகச் சூட்டிக்கொள்ளவில்லை. 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'பாடி' (PADI – Professional Association of Diving Instructors) என்னும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் முழுப்பெயரிலேயே அச்சொல் உண்டு. அதன் படிநிலைகளில் டைவ் மாஸ்டரே முதல் 'புரொபஷனல்' நிலை. அதற்குக் குறைந்தது 18 வயதும் 60 முக்குளிப்பும், இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு 100 முக்குளிப்பும் வேண்டும். ஆனால் மருத்துவர் தவறிழைத்தால், சட்டப்படி அமைந்த கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம்; பயிற்சி அமைப்போ தான் கொடுத்த தகுதியைத்தான் பறிக்க முடியும். அந்த அளவில் இது டாக்டர், வக்கீல் வரிசையில் சேராது.

நாட்டுக்கு நாடு சட்டத்தின் பார்வையும் வேறு. பிரிட்டனின் 1997ஆம் ஆண்டு முக்குளிப்புப் பணி விதிகள் கூலி பெற்றுக் கற்பிப்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. அதே பாடத்தை அதே கடலில் ஊதியமின்றி நடத்தும் கிளப் தொண்டருக்கு அவை பொருந்துவதில்லை. அமெரிக்காவிலோ, வணிக முக்குளிப்புக்கான பணிப் பாதுகாப்பு விதிகள், சாதாரணக் காற்றுச் சிலிண்டருடன் குறிப்பிட்ட வரம்புக்குள் நடக்கும் பயிற்சி முக்குளிப்புக்கு விலக்கே அளித்துவிட்டன. (நம் மொழியில் சிக்கல் இன்னும் கூடுதல்: தச்சு வேலையும் தொழில்தான், வக்கீல் வேலையும் தொழில்தான்.)

என் அளவில், பொறுப்பை வைத்து அவர்களைப் புரொபஷனல் என்றே சொல்வேன். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல இரு மடங்காகிறது. அங்கே சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவர் பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால், உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். புதியவருக்கு இது தெரியாது, அழைத்துச் செல்பவருக்குத் தெரியும். ஆகவே பணம் வாங்கிய பிறகும், முதலாளி முகம் சுளித்தாலும், நீரோட்டம் சரியில்லாத நாளில் "இன்று இறங்க வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர் அவரே.

ஒன்றை மட்டும் மகன் கவனிக்கட்டும். டைவ் மாஸ்டர், சான்றிதழ் பெற்றவர்களுக்கு வழிகாட்டலாம், இன்ஸ்ட்ரக்டருக்கு உதவலாம். புதியவர்களுக்கு முழு ஸ்கூபா பயிற்சி அளித்துச் சான்றிதழ் வழங்க அவருக்கு அதிகாரமில்லை. தேர்வு முடியும்வரை, கூட்டம் மிகுந்த சீசனிலும், அந்த எல்லையை அவர் தாண்டக் கூடாது.