மூல பௌத்தத்துக்கு உரிமை கொண்டாடுவது யார்?

கேள்வி: புத்தர் சொன்னதை அப்படியே காத்துவருவது இலங்கையில் வழங்கும் தேரவாதம் மட்டுமே என்றும், வைசாலியில் காசு வாங்கிப் பிடிபட்ட பிக்குகள் பிரிந்துபோய் மகாசாங்கிகர் ஆனார்கள், அவர்கள்தான் பின்னாளில் சீனா, திபெத் பக்கம் பரவிய மகாயானிகள் என்றும் ஒரு சொற்பொழிவில் கேட்டேன். ஒழுக்கம் கெட்டவர்கள் உண்டாக்கியதே மகாயானம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் கேட்டது ஒரு வழக்கில் ஒரு தரப்பு எழுதிக்கொடுத்த வாக்குமூலம். மறுதரப்பின் வாக்குமூலமும் நம் கையில் இருக்கிறது. அதைப் படிக்காமலே ஆயிரக்கணக்கான துறவிகளை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று மேடையில் தீர்ப்புச் சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வைசாலியில் சங்கம் கூடியது உண்மை. புத்தர் பரிநிர்வாணம் அடைந்து சுமார் 100 ஆண்டுகளுக்குப் பிறகு யசர் என்ற பிக்கு அங்கே போனார். அந்த ஊர் இருந்த வஜ்ஜி நாட்டு பிக்குகள் உபோசதம் என்ற நோன்பு நாளில் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி வைத்து, அதில் காசு போடும்படி இல்லறத்தாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எதிர்த்தார். கொம்பில் உப்பைச் சேமித்து வைப்பது உள்ளிட்ட வேறு ஒன்பது பழக்கங்களும் சேர்ந்து விசாரணைக்கு வந்தன. கிழக்கிலிருந்து நால்வர், மேற்கிலிருந்து நால்வர் என எட்டுப் பேர் குழு விசாரித்தது. பத்தும் தவறு என்று 700 பிக்குகள் கூடிய சபை முடிவு செய்தது. தேரவாதிகளின் பாலி வினயத்தில், அதாவது துறவிகளுக்கான ஒழுக்கச் சட்டநூலில், சூளவக்கம் என்ற பகுதி இதைச் சொல்லி, இத்தோடு முடிகிறது. யாரும் பிரிந்து போனதாக அதில் ஒரு வரிகூட இல்லை.

தோற்றவர்கள் வெளியேறித் தனிச் சபை கூட்டி மகாசாங்கிகர் ஆனார்கள் என்பது இலங்கையின் தீபவம்சம் சொல்லும் கதை. அந்த நூல் கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவானது; நிகழ்ச்சிக்கும் அதற்கும் இடையில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல். இனி மகாசாங்கிகரின் சொந்த வினயத்தைப் பாருங்கள். அதுவும் வைசாலிக் கூட்டத்தைச் சொல்கிறது. காசு வாங்கியது தவறு என்றே அதுவும் தீர்ப்பளிக்கிறது! காசு வாங்கும் உரிமைக்காகப் பிரிந்தவர்கள் என்றால், தங்களைக் குற்றவாளி ஆக்கிய தீர்ப்பைத் தங்கள் சட்டநூலிலேயே எழுதி வைத்திருப்பார்களா?

அப்படியானால் பிளவு ஏன் வந்தது? மகாசாங்கிகர் மரபைச் சேர்ந்த சாரிபுத்திர பரிபிருச்சை என்ற நூல் சீன மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. புகழ் விரும்பிய ஒரு மூத்த பிக்கு பழைய வினயத்தை விரித்து மாற்றி அமைத்தார், வழக்கு அரசனிடம் போனது, குச்சிகளைக் கொண்டு வாக்கெடுத்தார்கள், பழையதே போதும் என்றவர்கள் பெரும்பான்மை, அதனால் அவர்கள் மகாசாங்கிகர் என்கிறது அது. புதியதை ஏற்றவர்களே ஸ்தவிரர்கள், அதாவது இன்றைய தேரவாதம் எந்தக் கிளையிலிருந்து வந்ததோ அந்தக் கிளை. இதுவும் ஒரு தரப்பின் சாட்சிதான். ஆனால் விதிகளை எண்ணிப் பார்த்தால் இதற்கு வலு கூடுகிறது. பிக்குகள் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளின் பட்டியலுக்குப் பிராதிமோட்சம் என்று பெயர். அந்த விதிகள் மகாசாங்கிகரிடம் 218. பாலியில் 227. ஸ்தவிரக் கிளையின் இன்னொரு பிரிவான தர்மகுப்தகரிடம் 250, அதில் ஸ்தூபங்களைப் பற்றிய விதிகள் தனியாகவே ஒரு தொகுதி. குறைந்த எண்ணிக்கை மட்டுமே பழமைக்குச் சான்று ஆகிவிடாது. என்றாலும், விதிகளைக் கூட்டலாமா கூடாதா என்பதில்தான் முதல் விரிசல் விழுந்தது என்ற ஆய்வாளர்கள் கருத்தையே நான் ஏற்கிறேன்.

மகாதேவர் கதையும் உங்கள் காதுக்கு வரும். பற்றுகளை அறுத்து விடுதலை அடைந்த அருகதர்களுக்கும் அறியாமையும் ஐயமும் மிஞ்சியிருக்கலாம், பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியும் வரலாம் என்று ஐந்து கருத்துகளை முன்வைத்து சங்கத்தைப் பிளந்தவர் என்று, ஸ்தவிரக் கிளையைச் சேர்ந்த சர்வாஸ்திவாதிகள் அவரைக் காட்டினார்கள். அவர்களுடைய மகாவிபாஷை என்ற உரைநூல், அவர் தாயோடு முறை தவறி, தந்தையைக் கொன்று, தாயையும் கொன்றதாக எழுதுகிறது. கருத்தை மறுக்க முடியாதபோது ஆளை இழிவுபடுத்துவது அன்றைக்கும் நடந்திருக்கிறது.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பகுதி இன்னும் பெரிய குழப்பம். மகாயானம் ஒரு நிகாயமே, அதாவது துறவிகளின் பிரிவே அல்ல. நிகாயம் என்பது எந்த வினயத்தின்படி துறவு பெற்றார் என்பதைக் குறிக்கிறது. மகாயானம் என்பது எதை நோக்கிப் பயிற்சி செய்கிறார், எந்தச் சூத்திரங்களை ஓதுகிறார் என்பதைக் குறிக்கிறது. 399இல் சீனாவிலிருந்து வினய நூல் தேடிப் புறப்பட்ட பாஹியானுக்கு மகாசாங்கிக வினயம் கிடைத்தது பாடலிபுத்திரத்தில் ஒரு மகாயான விகாரையில். 7ஆம் நூற்றாண்டில் வந்த இத்சிங், இரு தரப்பாரும் ஒரே வினயத்தைத்தான் கடைப்பிடிக்கிறார்கள், போதிசத்துவரை வணங்கி மகாயான சூத்திரங்களை ஓதுபவரே மகாயானி என்று எழுதினார். இன்றும் சீன, கொரிய, வியத்நாம் பிக்குகள் துறவு பெறுவது தர்மகுப்தக வினயப்படி. திபெத்தியர் மூலசர்வாஸ்திவாத வினயப்படி. இரண்டுமே ஸ்தவிரக் கிளையில் பூத்தவை, மகாசாங்கிகம் அல்ல.

கோட்பாட்டுச் சண்டைகள் வந்தது பிறகு. அவை அற்பமான சண்டைகள் அல்ல. நிலையான ஆன்மா இல்லை, எல்லாம் கணத்தில் அழிவது என்றால், நேற்று செய்த வினை நாளை எப்படிப் பலன் தரும்? சர்வாஸ்திவாதிகள், தர்மங்கள் (உலகையும் மனத்தையும் ஆக்கும் அடிப்படைக் கூறுகள்) முக்காலத்திலும் இருக்கின்றன, செயல்படுவது மட்டுமே நிகழ்காலத்தில் என்றார்கள். சௌத்திராந்திகர் என்ற பிரிவினர் அதை மறுத்து, வினை மனத்தொடரில் வித்தாக விழுந்து பிறகு பலன் தருகிறது என்றார்கள். தேரவாதிகள் பவங்கம் என்ற அடிநிலை மனத்தைச் சொன்னார்கள். வாத்சீபுத்திரியர் என்ற பிரிவினரும் அவர்கள் வழிவந்த சம்மிதியரும் துணிந்து, புத்கலன் (ஆள்) என்று ஒருவன் உண்டு, உடலும் மனமுமாக அமையும் ஐந்து கந்தங்களோடு அவன் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல, விறகும் நெருப்பும் போல என்றார்கள். மற்ற எல்லாரும் அவர்கள் மேல் பாய்ந்தார்கள். பாலி மரபின் கதாவத்து என்ற வாத நூல் முதல் விவாதத்தையே இதற்கு ஒதுக்குகிறது.

கவனியுங்கள், இந்தக் கேள்விக்கு விடை தேடிய எல்லாருமே புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள், தேரவாதிகள் உட்பட. கோட்பாட்டு விளக்கத் தொகுப்பான அவர்களுடைய அபிதம்ம பிடகத்தில் ஏழு நூல்கள், சர்வாஸ்திவாதிகளிடமும் ஏழு. ஒன்றுகூடப் பொது இல்லை. ஆனால் சூத்திரங்களில் நிலைமை வேறு. பாலி மஜ்ஜிம நிகாயத்தையும் (நிகாயம் என்பது இங்கே சூத்திரத் தொகுப்பு), சர்வாஸ்திவாத மரபிலிருந்து 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்துக்குப் போன மத்தியம ஆகமம் என்ற அதே வகைத் தொகுப்பையும் ஒப்பிட்டால் அடிப்படைப் போதனைகளில் வியப்பூட்டும் ஒற்றுமை. மூல பௌத்தத்தை நெருங்க வேண்டுமென்றால் வழி அங்கேதான் இருக்கிறது: பல பள்ளிகளும் பொதுவாகக் காத்த பகுதியில்.

சோழ நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இலங்கையில் அனுராதபுரத்து மகாவிகாரைக்குப் போட்டியாக இருந்த அபயகிரி விகாரையின் பக்கம் நின்று, மகாசேன மன்னனைக் கொண்டு மகாவிகாரையை வெறுமையாக்கினான் என்று மகாவம்சம் சாடும் சங்கமித்திரன் சோழ நாட்டு பிக்கு. அதே மகாவிகாரை மரபுக்குக் கைநூல்கள் எழுதிக் கொடுத்த புத்ததத்தரும் சோழ நாட்டவரே. காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து எழுதினார். மகாவம்சம் மகாவிகாரையின் நூல். அபயகிரியின் வரலாறு நமக்கு வந்து சேரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு அந்நாட்டின் மூன்று பிரிவுகளையும் மகாவிகாரையின் கீழ் கொண்டுவந்த பிறகு, மகாவிகாரையின் குரல் மட்டுமே மிஞ்சியது.

இதைவிடப் பெரிய இழப்பு சம்மிதியருக்கு. 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் வந்தபோது இந்தியாவின் மிகப் பெரிய பிரிவு அவர்களுடையது. ஹர்ஷரின் தங்கை ராஜ்யஸ்ரீ அதைச் சேர்ந்தவர். இன்று அவர்கள் நூல்களில் நம்மிடம் இருப்பவை மிகச் சில. பெரும்பாலும் எதிரிகள் மறுப்பதற்காக எடுத்துச் சொன்னதை வைத்தே அவர்களை அறிகிறோம். பாலி சூத்திரத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் பார சுத்தம் என்று ஒரு சிறிய சூத்திரம் இருக்கிறது. ஐந்து கந்தங்கள் சுமை என்கிறார் புத்தர். சுமப்பவன் யார் என்றால், இன்ன பெயரும் இன்ன குலமும் உடைய புத்கலன் என்கிறார். சம்மிதியர் தங்கள் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டியது இதைத்தான், அதுவும் தேரவாதிகள் காத்து வைத்திருக்கும் பிடகத்திலேயே இருக்கிறது. அடுத்த சொற்பொழிவுக்குப் போகுமுன் அதைப் படித்துவிட்டுப் போங்கள். பேசுபவரிடம் அதற்கு விளக்கம் கேளுங்கள்.