பல்கலைக்கழகம் மறுத்தாலும் வழி இருக்கிறது: இரண்டு பிரமாணப் பத்திரங்களே சான்று

வேட்பாளர் சொல்லும் பட்டம் உண்மையா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, பல்கலைக்கழகம் மறுத்துவிட்டதா? அதன் பதிலுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தொகுதி வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் 2016-இல் எம்.பி.ஏ. என்றும் 2021-இல் பி.காம். என்றும் எழுதியிருந்தால், அவர் கையெழுத்திட்ட அந்த இரண்டு பத்திரங்களே முதல் சான்று.

தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி, மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம் என்று மறுத்திருப்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

1. இரு தேர்தல்களின் படிவம் 26 (அந்தப் பிரமாணப் பத்திரம்தான்) நகல்களையும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுங்கள்.

2. கல்வித் தகுதிப் பகுதியில் படிப்பு, நிறுவனம், முடித்த ஆண்டு மூன்றையும் ஒப்பிடுங்கள். சேர்ந்துவிட்டு முடிக்காத படிப்பைப் பட்டமாக எழுதுவது உண்டு. ஆண்டு விடுபட்டிருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

மணிப்பூரின் மொய்ராங் தொகுதி வழக்கைப் படியுங்கள். மைசூர் பல்கலைக்கழக எம்.பி.ஏ. என்று பத்திரத்தில் பொய்யாக எழுதி வென்ற வேட்பாளர் பிருத்விராஜ், அது எழுத்துப் பிழை என்றார். 2008 தேர்தலிலும் அதையே எழுதியிருந்ததால் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரது வெற்றி செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2016-இல் உறுதி செய்தது. வாக்காளரின் அறியும் உரிமையை இவ்வளவு தெளிவாகக் காத்த தீர்ப்பு எனக்கு மிகவும் முக்கியமானது.

ஆனால் ஒன்று. வெற்றியை எதிர்க்கும் தேர்தல் மனுவை முடிவு வெளியான 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 2021 தேர்தலுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. மிச்சமிருப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு: பத்திரத்தில் பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். காலவரம்பு இதற்கும் உண்டு என்பதால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். பட்டம் இல்லாதது குற்றமன்று, பொய்யாக எழுதியதே குற்றம். புகாரில் அதை மட்டும் எழுதுங்கள்.