மாரிகாலத்தில் வேகத்தைக் கூட்டுவது எப்படி? நீச்சல் கேள்வி பதில்

போட்டிகள் இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. வயது, தூரம், இப்போதைய நேரம் மூன்றையும் எழுதாதவர்கள் நீண்ட பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

கொக்குவில், 16 வயது: 100 மீற்றர் பிரீஸ்டைல் 1 நிமிடம் 6 வினாடி. மாரி முழுவதும் தினமும் மூன்று கிலோமீற்றர் நீந்தினால் ஒரு நிமிடத்துக்கு வரலாமா?

தம்பி, வெறும் தூரத்தால் வர முடியாது. உமக்கு வேண்டியது 10 சதவீதம் கூடுதல் வேகம். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அதற்கு 21 சதவீதம் கூடுதலாகத் தள்ள வேண்டும். செலவாகும் வலுவோ ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். ஒரு மாரிக்குள் அவ்வளவு பலம் வந்துவிடாது. எதிர்ப்பைக் குறைப்பதுதான் கைக்கெட்டும் வழி.

முதலில் தலை. முன்னால் பார்த்தபடி நீந்தினால் இடுப்பு தாழும். தடாகத்தின் அடியில் உள்ள கோட்டைப் பாரும். அடுத்தது முழங்கை. கை தண்ணீருக்குள் போனதும் முழங்கை உயர்ந்தே நிற்க, விரல்நுனி கீழ்நோக்க, முன்கை முழுவதும் தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். இதற்குத் தடாகமே தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டி, முற்றத்து மாமரத்தில் இடுப்பளவு உயரத்தில் கட்டும். இரு முனைகளையும் பிடித்து, முதுகு தரைக்குச் சமாந்தரமாகும்வரை குனிந்து, அதே அசைவை மெதுவாகச் செய்யும். முழங்கை கையை முந்திக்கொண்டு பின்னால் போனால் பிழை.

தடாகம் கிடைக்கும் நாளில் 25 மீற்றரை எட்டுத் தடவை, நடுவில் நன்றாக இளைப்பாறி நீந்தும். கைவீச்சின் எண்ணிக்கையையும் வினாடியையும் கூட்டி எழுதிவையும். அந்தக் கூட்டுத்தொகை வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். கைவீச்சை மாற்றும்போது முதலில் நேரம் கெடும். போட்டி நெருங்கும்போது அதற்கு யாருக்கும் துணிவு வராது. இப்போது கெட்டால் என்ன நட்டம்?

மானிப்பாய்: நீருக்கடியில் மூச்சடக்கிப் பழகினால் வேகம் கூடுமா?

தனியாக ஒருபோதும் செய்ய வேண்டாம். அடக்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடவும் வேண்டாம். மூச்சு முட்டும் உணர்வைத் தூண்டுவது பெரும்பாலும் கரியமில வாயுவின் பெருக்கம். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், ஒட்சிசன் தீர்ந்த பிறகும் அந்த எச்சரிக்கை வராது. நீருக்கடியிலேயே மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

சுண்டிக்குளி, தாய்: 13 வயது மகளுக்குத் தோளின் முன்பக்கம் வலிக்கிறது. கையில் மாட்டும் பிளாஸ்டிக் துடுப்போடு பயிற்சி செய்கிறாள்.

அந்தத் துடுப்பை இன்றே கழற்றி வையுங்கள். மிதவைப் பலகையை முன்னால் நீட்டிப் பிடித்துக் கால் அடிப்பதும் அந்தத் தோளுக்கு ஆகாது. இயன்மருத்துவரிடம் காட்டுங்கள், என்னிடம் மருந்து கேட்காதீர்கள்.

வல்வெட்டித்துறை, ஓய்வுபெற்றவர்: ஆழிக்குமரன் ஆனந்தன் பிறந்த மண்ணில் எதற்குத் தடாகம்? கடலும் கீரிமலைக் கேணியும் போதாதா?

ஐயா, அந்தப் பெயருக்கு முன் நானும் தலைவணங்குகிறேன். 1954 இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்ப 51 மணித்தியாலம் நீந்தினார். அது தாக்குப்பிடிக்கும் வலிமை. இந்தப் பிள்ளைகள் கேட்பது ஒரு நிமிட வேலையைப் பற்றி.

கடலில் உப்பு உடலைத் தூக்கிவிடுகிறது. அங்கேயே பழகியவர் நன்னீரில் இறங்கியதும் கால்கள் தாழ்வதை உணர்வார். மேலும் கடலில் சுவர் கிடையாது. 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றருக்கு மூன்று தடவை திரும்ப வேண்டும். சுவரை உதைத்துப் புறப்படும் கணத்தின் வேகம் கைவீச்சால் கிடைக்காது. பிரீஸ்டைலில் 15 மீற்றர்வரை நீருக்குள்ளேயே போக விதி அனுமதிக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கால் வினாடி மிச்சம் பிடித்தாலே முக்கால் வினாடி ஆயிற்று. கீரிமலையிலோ, அந்தியேட்டிச் சடங்குக்கு வந்து முழுகுபவர்களுக்கு நடுவே யார் குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவது?

திருநெல்வேலி: எந்தப் புரோட்டீன் மா நல்லது?

முட்டை, மீன், அவித்த பயறு. மாவை விற்பவரிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

சாவகச்சேரி: மூச்சை இரண்டு நிமிடம் அடக்கப் பயிற்சி அட்டவணை தருவீர்களா?

தரமாட்டேன். மானிப்பாய்க்காரருக்கு எழுதியதை வாசியும்.

மீண்டும் வல்வெட்டித்துறை: அப்படியானால் தடாகம் இல்லாத காரைநகர்ப் பிள்ளை போட்டியை மறந்துவிட வேண்டுமா?

அப்படி நான் எழுதவில்லை, ஐயா. நீண்ட தூரத்துக்கு ஆசைப்படும் பிள்ளைக்குக் கடல்தான் பள்ளிக்கூடம். 10 கிலோமீற்றர் திறந்தவெளி நீச்சல் 2008 பீஜிங் முதல் ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. குறுந்தூரப் பிள்ளைக்கு வாடைக்காற்றும் கொந்தளிப்பும் உள்ளவரை சைக்கிள் ரியூப், குந்திப் பாய்தல், கிளையில் தொங்கி உடலைத் தூக்குதல் ஆகியவை போதும். கடல் அடங்கியதும் கசூரினாக் கடற்கரையில், நெஞ்சளவு தண்ணீரில், கயிற்றால் 25 மீற்றர் அளந்து இரண்டு தடி நடுங்கள். கரையில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும். ஒரு பக்கம் மட்டும் நேரம் எடுத்தால் நீரோட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். போகவும் வரவும் நீந்தவிட்டு, இரண்டு நேரத்தையும் கூட்டி இரண்டால் பிரியுங்கள்.