வாசகர் கேள்வி: போர்டில் ஒளிந்திருக்கும் அலை

கேள்வி: ஆம்ப்ளிஃபயர் வரை கட்டியிருக்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஃபில்டர் (வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் கடத்தும் சுற்று) மட்டும் வேலை செய்ய மறுக்கிறதே? (கல்லூரி மாணவர், திருமங்கலம்)

பதில்: தம்பி, அந்த அதிர்வெண்ணில் காற்றிலேயே அலைநீளம் 12.5 செ.மீ.தான். எஃப்.ஆர்-4 என்ற கண்ணாடியிழை சர்க்யூட் போர்டில் ஏறக்குறைய 7 செ.மீ.யாகச் சுருங்கிவிடும். வெறும் இணைப்பென்று நீங்கள் இழுத்த 2 செ.மீ. செப்புக்கோடு கால் அலைநீளத்தைத் தாண்டிவிட்டது. அதுவே சர்க்யூட்டில் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய கெபாசிட்டரின் கம்பிக்காலை நறுக்காமல் பற்றவைத்து நானும் ஒரு வாரம் அல்லாடியிருக்கிறேன். 1 செ.மீ. கால், இந்த அதிர்வெண்ணில் கிட்டத்தட்ட 100 ஓமாக மறிக்கும்! காலில்லாத சிப் வகையையே வாங்குங்கள்.

1.6 மி.மீ. போர்டில் கோட்டின் அகலம் சுமார் 3 மி.மீ. இருந்தால், இத்தகைய சர்க்யூட்டுகளுக்கு வழக்கமான 50 ஓம் மின்மறுப்பு வரும். அடியிலுள்ள கிரவுண்டை (செப்புத் தளத்தை) மட்டும் எங்கேயும் வெட்டிவிடாதீர்கள். மின்மறுப்பைக் கணக்கிட உதவும் வட்ட வரைபடமான ஸ்மித் சார்ட்டைப் பென்சிலால் போட்டுப் பழகுங்கள், மென்பொருள் பிறகு.