அப்பா, சித்தப்பா, தாத்தா, அத்தை என்று நான்கு பேருக்குப் புற்றுநோய். எனக்கும் வருமா?

நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன். தாத்தாவுக்கு உணவுக்குழாயில், அப்பாவுக்கு வாயில். இருவரும் வெற்றிலையோடு புகையிலை போட்டவர்கள். சித்தப்பாவுக்கு நுரையீரலில்; அவர் விடாத பீடி. இந்த மூன்று பேர் விஷயத்தில் உங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வந்தது வெற்றிலைச் செல்லமும் பீடிக்கட்டும்தான் என்றே நினைக்கிறேன். நான்கு என்ற எண்ணிக்கை பயமுறுத்தத்தான் செய்யும். ஆனால் மொத்தப் புற்றுநோய்களில் பிறவியிலேயே வரும் மரபணுப் பழுதால் வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே வரி: "அத்தைக்கு 43 வயதில் மார்பகத்தில்." அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, "அம்மா வழியில் யாருக்கும் இல்லை, அதனால் பயமில்லைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் தவறுகிறீர்கள். நானும் தவறியவன்தான்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சி மணலால் புற்றுநோய் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் பெரியம்மா அங்கேதான் வாழ்க்கைப்பட்டார். 52 வயதில் சூலகத்தில் (சினைப்பையில்) புற்றுநோய் வந்து இறந்தபோது, "மணல் கொண்டுபோய்விட்டது" என்றார்கள். அந்த மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம், எல்லாம் உண்மை. ஆனால் இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. எங்களுக்கு ஆய்வெல்லாம் தேவைப்படவில்லை. குலசேகரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வாழ்ந்த என் அம்மாவுக்கு 44 வயதில் மார்பகத்தில் வந்தது. கடற்கரை மணல் அவ்வளவு தூரம் மேடேறி வராது அல்லவா?

திருவனந்தபுரத்தில் அம்மாவுக்குச் சிகிச்சை நடந்தபோது, மரபணு ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர் என்றால் உள்ளே மை. இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. பாட்டியின் வட்டத்தில் பேனா நின்றது. எங்களுக்குச் சொல்லப்பட்டது "வயிற்றுவலி". பிறகு பெரிய மாமாவைக் குடைந்து கேட்டதில்தான் அடிவயிற்றுக் கட்டி, நீர் கோத்துக்கொண்டது எல்லாம் வெளியே வந்தன. "அதைச் சொல்லியிருந்தால் உன் அம்மையை யார் கட்டியிருப்பார்கள் மக்களே?" என்றார் மாமா.

அம்மாவின் இரத்தத்தைச் சோதித்ததில் பிராக்கா-1 மரபணுவில் பழுது. 1994இல் அடையாளம் காணப்பட்ட மரபணு (BRCA1) இது; இதில் பழுது இருந்தால் மார்பகத்திலும் சூலகத்திலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். பெற்றோரில் ஒருவருக்குப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி, பூவா தலையாதான். வீட்டில் எல்லார் கண்ணும் அக்காவின் மேல். முடிவு வந்தபோது அக்காவுக்கு இல்லை, மீசை வைத்த எனக்கு இருந்தது. ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் அபூர்வம் என்பதால், ஒரு தொந்தரவும் இல்லாமல் இதைச் சுமந்து மகளுக்குக் கொடுத்துவிட முடியும். என் மகளுக்கு ஒன்பது வயது. பதினெட்டு முடிந்தபின் அவளே தீர்மானிக்கட்டும் என்றார் ஆலோசகர்.

உங்கள் அப்பாவை இப்போது அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அத்தைக்குப் பழுது இருந்தால் அது அப்பாவிடமும் இருக்கலாம்; அவருடைய வாய்ப்புற்றை வைத்து இதைச் சொல்ல முடியாது. அதனால் முதலில் சோதிக்க வேண்டியது உங்களை அல்ல, அத்தையை. எந்தப் பழுதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் உங்களுக்குச் சோதித்து "இல்லை" என்று வந்தால் அந்த "இல்லை"யை முழுதாக நம்ப முடியாது. அத்தையிடம் பழுது தெரிந்தால் அடுத்து அப்பா. அவரிடம் இல்லையென்றால் அந்தப் பழுது உங்களுக்கும் இல்லை.

பழுது இருக்கிறது என்றே வந்தாலும் அது நோய் அல்ல. பிராக்கா-1 பழுதுள்ள பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 60 முதல் 70 பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வருகிறது; பெரிய எண்தான், மறைக்கவில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பார்க்கிறார்கள், பிள்ளை பெற்று முடித்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சூலகத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள். உங்களுக்கு 31. அவகாசம் இருக்கிறது.

அத்தையைப் பார்க்கப் போகும்போது அவருடைய அம்மா, சித்திமார், பெரியம்மாமார் எப்படி, எந்த வயதில் இறந்தார்கள் என்றும் கேளுங்கள். கல்யாண வயதில் அவருக்கு மகள் இருந்தால் முன்னறையில் ஆட்களை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். எங்கள் மாமா வாய் திறந்தது அடுக்களையில், மாமி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு "சொல்லிவிடுங்கள்" என்ற பிறகுதான்.