பிரித்தானியின் டச்சஸ் ஆன்: கேட்டதும் சொன்னதும்

கே: ஆன் வெறும் பிரெஞ்சு ராணிதானே?

ப: இல்லை, அதற்கு முன்பே பிரித்தானியை (இன்றைய பிரான்சின் மேற்கு முனை, அப்போது தனி ஆட்சிப் பகுதி) ஆளும் டச்சஸ், அதாவது கோமகள். 1488ல் போரில் தோற்ற அப்பா இரண்டாம் பிரான்சுவா, பிரெஞ்சு அரசரைக் கேட்காமல் மகள்களைக் கட்டிக் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே கண்ணை மூடினார். ஆனுக்கு வயது 11. பிரான்சை எதிர்க்கத் துணை வேண்டுமென்று 1490 டிசம்பரில் ரென் நகரில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து மாக்சிமிலியனோடு கல்யாணம் நடந்தது, ஆனால் மாப்பிள்ளை வரவில்லை. சாட்சிகள் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய தூதர் ஒரு காலை மட்டும் வெறுங்காலாக்கி மணப்பெண்ணின் படுக்கைக்குள் நீட்டினார், அவ்வளவுதான் சடங்கு! மறுவருடம் பிரெஞ்சுப் படை ரென்னை முற்றுகையிட்டபோதும் அந்த மாப்பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் டிசம்பர் 6ல் எதிரியான பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லசுக்கே ஆன் கழுத்தை நீட்டினார். அந்த சார்லசுக்கு நிச்சயம் செய்திருந்ததோ மாக்சிமிலியனின் மகளை.

கே: சார்லஸ் கதவு நிலையில் தலை இடித்தா செத்தார்?

ப: ஆமாம், 1498ல், ஆம்புவாஸ் கோட்டையில். இதையே எத்தனை பேர்தான் கேட்பீர்கள்?

கே: மரச்செருப்பு போட்ட ராணி என்கிறார்களே?

ப: பிற்காலக் கதை. அடுத்தது.

கே: புருஷன் போனதும் அடுத்த அரசரையே கட்டிக்கொண்டாரே, பதவி ஆசைதானே?

ப: ஒப்பந்தத்தைப் படிக்காமல் பேசாதீர்கள். ஆண் வாரிசில்லாமல் சார்லஸ் இறந்தால் அடுத்த அரசரைத்தான் மணக்க வேண்டும் என்று 1491லேயே கட்டிப்போட்டிருந்தார்கள். விதவையானதும் ஆன் ஊர் திரும்பி, தானே ஆட்சி நடத்தி, தங்கக் காசும் அடித்தார். 1499 ஜனவரியில் நாந்தில் பன்னிரண்டாம் லூயியை மணந்தபோது பேரம் இவர் கைக்கு வந்துவிட்டது: டச்சி, அதாவது பிரித்தானி ஆட்சி, மூத்த பிள்ளைக்கு இல்லை, இரண்டாவதற்கு. பிரெஞ்சு கிரீடத்தோடு ஒட்டிவிடக் கூடாதே!

கே: என்ன பேரம்? 1532ல் பிரித்தானி பிரான்சோடு சேர்ந்தே விட்டதே. விற்றது அவர்தான்.

ப: 1514ல் இறந்தவர் 1532ல் எப்படி விற்பார்? மூத்த மகள் கிளோதை, அடுத்து பிரெஞ்சு அரசராகவிருந்த அங்குலேம் பிரான்சுவாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று கடைசிவரை மல்லுக்கு நின்றார். ஜனவரியில் இவர் போனார், மே மாதம் அதே கல்யாணம் நடந்தது.

கே: லூயியோடு போட்ட கல்யாண ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டவர் அவர்தானே?

ப: எழுத்துப்படி இரண்டாவது மகள் ரெனேவுக்குத்தான் பிரித்தானி போயிருக்க வேண்டும். சொல்லை மீறியவர் லூயி. அவரிடம் போய்க் கேளுங்கள்.

கே: இன்னொரு டச்சஸ், அக்விடேன் எலினோர் பற்றியும் கொஞ்சம்...

ப: அவர் முந்நூறு வருடம் முந்தியவர். இன்று ஆன் மட்டும்தான்.