பெயர் வெளியிட வேண்டாம்

கேள்வி: பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்த பாடகர், ஓவியர் ரோல்ஃப் ஹாரிஸ் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். 84 வயதுக் கிழவரை, முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்னால் நடந்ததாகச் சொல்லப்பட்ட விஷயங்களுக்காக ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் அப்போதே வாயைத் திறந்திருக்கலாமே? இன்னொரு பக்கம், ஆறு வருடம்கூட இல்லை, இதெல்லாம் ஒரு தண்டனையா என்று பிரிட்டனில் ஒரு கூட்டம் கொதித்திருக்கிறது. உங்களுக்கு எது நியாயமாகப் படுகிறது? அவர் படங்களைக்கூடச் சுவரிலிருந்து கழற்றியது கொஞ்சம் அதிகமில்லையா?
(என் பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்: 'நடந்ததாகச் சொல்லப்பட்ட' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. லண்டன் சதர்க் கிரௌன் நீதிமன்றத்தில் 2014 ஜூன் 30 அன்று, சாட்சிகளை வாரக்கணக்கில் கேட்ட ஜூரி, 12 பாலியல் குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று ஒருமனதாகச் சொன்னது. 1968க்கும் 1986க்கும் இடையில், பாதிக்கப்பட்டவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் தொடர்பான ஒரே ஒரு தீர்ப்பு 2017இல் மேல்முறையீட்டில் ரத்தானது. மீதி 11 தீர்ப்புகளை எதிர்த்து அப்பீல் செய்ய அனுமதியே கிடைக்கவில்லை. வேறு சில புகார்களின் மேல் 2017இல் நடந்த விசாரணைகளில் சிலவற்றில் விடுதலை. மற்றவற்றில் ஜூரியால் முடிவுக்கு வர முடியவில்லை. இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்துவிட்டேன் என்று அடுத்த கடிதம் வர வேண்டாம். ஆக, அந்தப் பதினொன்றும் நடந்தவை. 'சொல்லப்பட்டவை' இல்லை.

சரி, வயது. கிழவர் என்று பரிதாபப்படுகிறீர்கள். 84 வயதான இன்னொரு பிரிட்டிஷ் பிரபலத்தை நினைத்துப் பாருங்கள். ஜிம்மி சாவில். அவரும் தொலைக்காட்சியில் குழந்தைகளின் செல்லப்பிள்ளை, அவருக்கும் அரண்மனை வரை செல்வாக்கு, சர் பட்டம் வேறு. 2009இல் பாலியல் புகார்கள் பற்றிச் சர்ரே போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது; வழக்குப் போடவில்லை. 2011 அக்டோபரில், 85 ஆக இரண்டு நாள் இருக்கும்போது, படுக்கையில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். ஊரே திரண்டு வழியனுப்பியது. அடுத்த ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்த பிறகு சுமார் 450 பேர் புகாரோடு வந்தார்கள். போலீஸ் பதிவு செய்த குற்றங்கள் மட்டும் 214. தண்டிக்கத்தான் ஆள் இல்லை. வயதானவரை விட்டுவிடலாம் என்கிறீர்களே, விட்டுவிட்டால் எப்படி இருக்கும் என்பதை அந்த நாடு ஒரு முறை பார்த்துவிட்டது. ஹாரிஸ் மீதான விசாரணையே அதற்குப் பிறகு தொடங்கிய போலீஸ் நடவடிக்கையில் வந்ததுதான். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பெருங்குற்றங்களுக்குக் காலக்கெடு கிடையாது. இத்தனை வருடம் பிடிபடாமல் இருந்ததைச் சலுகைக்கான காரணமாகக் காட்ட முடியாது.

'அப்போதே வாயைத் திறந்திருக்கலாமே.' இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அது வரும் இடத்தையும், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒரு பத்திரிகைக்கு ஒரு கேள்வி. அதுவும் செத்துப்போன ஒருவரைப் பற்றி, அவருக்கு அனுதாபமாக. அதற்கே உங்களுக்குப் பெயர் வெளியே வரக்கூடாது, ஊர்கூட வரக்கூடாது. தவறில்லை, அது உங்கள் உரிமை. ஆனால் 13 வயதுப் பெண் ஒருத்தி, நாடே கொண்டாடும் மனிதரைப் பற்றி, தன் பெயரோடு, போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். இந்த வழக்கின் மையமாக இருந்தவர் ஹாரிஸின் மகளுக்குத் தோழி. வீட்டுக்கு வந்துபோகிற பிள்ளை. பெற்றோருக்கு ஹாரிஸ் குடும்ப நண்பர். யாரிடம் போய்ச் சொல்வாள்?

சொல்லாமலும் இல்லை. வளர்ந்த பிறகு வீட்டில் சொன்னார். அதன் பலன், 1997இல் ஹாரிஸ் அவருடைய அப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதம். மன்னிப்பு, சுயவெறுப்பு எல்லாம் அதில் உண்டு. சிறுமியாக இருந்தபோது எதுவும் நடக்கவில்லை, எல்லாம் அவர் பெரியவளான பிறகுதான் என்ற சாமர்த்தியமும் உண்டு. அந்தக் கடிதமே பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்தது.

இன்னொன்றைச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். 1985இல், தகாத முறையில் தொட வருபவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்லக் குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் ஒரு கல்விப் படம் பிரிட்டனில் வெளிவந்தது. அதில் குழந்தைகளோடு உட்கார்ந்து பாடம் நடத்தியவர் ரோல்ஃப் ஹாரிஸ். நீங்கள் கேட்கிற அந்த 'வாயைத் திற' என்ற அறிவுரையைத் திரையில் சொன்ன வாயே அவருடையதுதான்.

இத்தனை வருடம் கழித்து எதை நிரூபிக்க முடியும் என்றும் கேட்பார்கள். கேம்பிரிட்ஜில் வைத்துத் தன்னிடம் அத்துமீறினார் என்று ஒரு பெண் சாட்சி சொன்னார். அண்மைக் காலம் வரை அந்த ஊர்ப்பக்கமே போனதில்லை என்றார் ஹாரிஸ். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1978இல் எடுத்த தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பதிவு ஒன்று கிடைத்தது. கேம்பிரிட்ஜ் மைதானத்தில் உற்சாகமாக நின்றுகொண்டிருந்தார்.

இனி அடுத்த கூட்டம். தண்டனை ஐந்து வருடம் ஒன்பது மாதம். அதிலும் பாதிதான் உள்ளே, மீதி நிபந்தனையோடு வெளியே. 2014 ஜூலையில் போனவர் 2017 மே மாதம் வெளியே வந்துவிட்டார். இது போதாது என்று கொதித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நீதிபதி ஸ்வீனியைத் திட்டியவர்கள் விலாசம் மாறித் திட்டினார்கள். குற்றம் நடந்த நாளில் சட்டத்தில் என்ன உச்சவரம்பு இருந்ததோ, அதைத் தாண்டி எந்த நீதிபதியும் தண்டிக்க முடியாது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஹாரிஸ் மீதான பெரும்பாலான குற்றங்கள் நடந்தபோது இருந்தது 1956ஆம் ஆண்டுச் சட்டம். 13 வயதோ அதற்கு மேலோ ஆன பெண்ணிடம் அத்துமீறினால் ஒரு குற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு வருடம். இரண்டே வருடம்! 1985இல்தான் அதைப் பத்தாக உயர்த்தினார்கள். நீதிபதி செய்யக்கூடியது, சில தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கும்படி அடுக்குவது. அதைச் செய்தார். கோபப்பட வேண்டுமென்றால், ஒரு சிறுமியின் உடம்புக்கு இரண்டு வருடம் போதும் என்று முடிவுகட்டி, அதை முப்பது வருடம் திருத்தாமலே வைத்திருந்த நாடாளுமன்றத்தின் மேல் படலாம்.

கோபத்துக்கு அங்கே முறையான வழியும் உண்டு. தண்டனை மிகக் குறைவு என்று நினைக்கும் யார் வேண்டுமானாலும் 28 நாளுக்குள் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கு எழுதலாம். ஹாரிஸ் விஷயத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அவர் பரிசீலித்துவிட்டு, மேல் நீதிமன்றத்துக்கு அனுப்ப மறுத்தார். எப்போதும் அப்படி இல்லை. முந்தைய ஆண்டு ஸ்டூவர்ட் ஹால் என்ற ஒளிபரப்பாளருக்கு 15 மாதம் கொடுத்தபோது இதே வழியில் புகார் போய், தண்டனை 30 மாதமானது.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது மூன்றாவது ஒரு கூட்டம். நீங்கள் அவர்களைக் குறிப்பிடவில்லை. 'எனக்கு அப்போதே தெரியும்', 'அந்த ஆளைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும்' கூட்டம். தொலைக்காட்சி வட்டாரத்தில் அவருக்கு 'ஆக்டோபஸ்' என்று பட்டப்பெயரே இருந்ததாகத் தீர்ப்புக்குப் பிறகு செய்திகள் வந்தன. எட்டுக் கை என்று பெயர் வைக்கும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. பெயர் வைத்துவிட்டு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பதற்குச் சரியான ஆட்கள் இவர்கள்தான். அந்தச் சிறுமிகளை விட்டுவிடுங்கள்.

அப்புறம், படங்கள். ஆஸ்திரேலியாவில் அவர் பிறந்த ஊரான பாசெண்டீனின் நகராட்சி, மாட்டியிருந்த அவர் ஓவியங்களை இறக்கியது. பெர்த் நகரம் நடைபாதையில் பதித்திருந்த அவருடைய பெயர்ப்பலகையை எடுத்தது. 2006இல் கொடுத்த சிபிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருதை 2015இல் திரும்பப் பெற்றார்கள். இதில் அதிகம் என்ன இருக்கிறது? விருது கொடுத்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். சுவர் நகராட்சியுடையது, நடைபாதையும் அப்படித்தான். வரி கட்டுகிற பெண் ஒருத்தி தினமும் அந்தப் பெயரை மிதித்துக்கொண்டோ தாண்டிக்கொண்டோ வேலைக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தனியார் காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டியிருந்தால் அது வேறு விஷயம். வைத்துக்கொள்வதோ பரணில் போடுவதோ அவரவர் பாடு, அதில் நான் தலையிட மாட்டேன்.

உங்கள் பெயரையும் ஊரையும் நீங்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன்.